பல் உடைந்த பின் எழுதும் மதிப்புரை: சிறு ரோபோக்களுக்கான கியர் மோட்டார்கள்

சிறு ரோபோ வண்டிகளுக்கென்று விற்கப்படும் கியர் மோட்டார்களில், அதாவது வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பல்சக்கரப் பெட்டி சேர்ந்த மோட்டார்களில், மூன்று வகைகளைக் கடந்த மூன்றாண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். முதலாவது, மஞ்சள் பிளாஸ்டிக் உறையுடன் தொடக்கநிலைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் வரும் டி.டி. மோட்டார்; இரண்டாவது, கட்டைவிரலின் முதல் கணுவளவே இருக்கும் என்20; மூன்றாவது, 25 மி.மீ. விட்டமுள்ள உலோக உருளையாக வரும் 370 வகை. தரையில் வரைந்த கோட்டைப் பின்தொடரும் வண்டிகள் இரண்டு, சரிவேறும் நான்கு சக்கர வண்டி ஒன்று, இரு சக்கரத்தில் தானே நிமிர்ந்து நிற்கும் வண்டி ஒன்று, இடையில் பாதியில் கைவிட்ட ஒன்றிரண்டு என்று மொத்தம் பதினான்கு மோட்டார்கள் என் மேசையில் உழைத்திருக்கின்றன. அவற்றில் ஐந்து செயலிழந்தன. ஐந்தையும் பிரித்துப் பார்த்தேன். நான்கில் மோட்டார் நன்றாகவே ஓடியது, போனது கியர்ப்பெட்டி. ஐந்தாவதைப் பற்றவைக்கும்போது நானே சூட்டில் கெடுத்துவிட்டேன். வாங்கும்போது எல்லோரும் மோட்டாரின் வோல்ட்டையும் வேகத்தையும்தான் பார்க்கிறோம். ஆனால் பணம் போவதும் வண்டி நிற்பதும் பல்சக்கரங்களால்தான் என்பது என் அனுபவம் என்பதால், இந்த மதிப்புரை பெரும்பாலும் கியர்ப்பெட்டியைப் பற்றியே பேசும்.

மஞ்சள் மோட்டாரிலிருந்து தொடங்குகிறேன். ஏறத்தாழ 70 மி.மீ. நீளமும் 30 கிராம் எடையும் உள்ள இதற்குள், பொம்மைக் கார்களில் இருக்கும் 130 வகை மோட்டார் ஒன்றும், வெள்ளை நைலான் பல்சக்கரங்கள் சிலவும் இருக்கின்றன. பரவலாகக் கிடைப்பது 1:48 விகிதம், அதாவது மோட்டார் 48 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். 3 வோல்ட் முதல் 6 வோல்ட் வரை கொடுக்கலாம். 6 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 200 சுற்றுகளை ஒட்டி ஓடும். உடன் வரும் 65 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 20 செ.மீ.க்குச் சற்று மேல் என்பதால், வண்டி வினாடிக்கு 60 முதல் 70 செ.மீ. வரை செல்லும். கூடத்தில் ஓட்டிப் பார்க்க இந்த வேகம் போதும். சொல்லப்போனால் புதிதாகத் தொடங்குபவருக்கு இது சற்று அதிகமே.

இதன் பெருங்குறை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமைதான். ஒரே உறையிலிருந்து எடுத்த இரண்டு மோட்டார்களின் சக்கரங்களில் காகித நாடாத் துண்டை ஒட்டி, ஒரே பேட்டரியில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, கைப்பேசியில் மெதுவான வேகத்தில் படம்பிடித்து எண்ணினேன். ஒன்று 186 சுற்று, மற்றது 203 சுற்று. வேறுபாடு ஒன்பது விழுக்காட்டுக்குள்தான் என்று தோன்றும். ஆனால் சக்கரங்களுக்கிடையே 13 செ.மீ. இடைவெளியுள்ள வண்டியில் இந்த வேறுபாடு, ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டமாகிவிடுகிறது. நேராகப் போகச் சொன்ன வண்டி ஒரு மீட்டர் ஓடுவதற்குள் ஓர் அடிக்கு மேல் பக்கவாட்டில் விலகிவிடும். நிரலில் எங்கோ பிழை இருக்கிறது என்று தேடிக்கொண்டு இரண்டு மாலைகளை நான் வீணாக்கியது இதனால்தான். கோட்டைப் பின்தொடரும் வண்டியில் உணரிகள் இந்த விலகலைத் தாமே திருத்திக்கொள்வதால் இது தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு நேரே போக வேண்டிய வண்டியில்தான் தெரியும்.

இரண்டாவது குறை, மெதுவாக ஓட மறுப்பது. உராய்வு அதிகம் என்பதால், நிரலில் கொடுக்கும் 0 முதல் 255 வரையிலான வேக அளவுகோலில் என் மோட்டார்கள் 90ஐத் தாண்டும் வரை அசையவே இல்லை. அசைந்ததும் திடீரெனப் பாய்ந்தன. பிளாஸ்டிக் தண்டின் ஆட்டமும் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கிறது. மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தபோது சக்கரம் தரையில் மோதி, உள்ளிருந்த நைலான் சக்கரத்தில் மூன்று பற்கள் மழுங்கிவிட்டன. அதன்பிறகு ஒவ்வொரு சுற்றிலும் "டக்" என்று ஒரு தாவல். இருந்தாலும் இந்த மோட்டாரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிரிப்பது எளிது, பார்த்தாலே புரியும், கெட்டால் மனம் வருந்தாது, ஒன்றின் பற்சக்கரத்தை எடுத்து மற்றொன்றில் போட்டுக்கொள்ளலாம். கியர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு குழந்தைக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல பாடப்பொருளை நான் கண்டதில்லை.

பற்றவைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். மின்கம்பியை இணைக்கும் செப்புத் தகடுகள் காகிதம்போல மெல்லியவை. இரண்டு மூன்று முறை வளைந்தால் ஒடிந்துவிடும். சாலிடரிங் இரும்பைச் சில வினாடிகளுக்கு மேல் வைத்தால் தகட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் மூடி இளகி, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் பிரஷ் உள்ளே இடம்பெயர்ந்துவிடும். நான் கெடுத்த ஐந்தாவது மோட்டார் இப்படிப் போனதுதான். கம்பியை மோட்டாரின் உடலோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிட்டால் தகட்டின்மேல் இழுவை வராது. தகடுகளுக்குக் குறுக்கே 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் அப்போதே வைத்துவிடுவது நல்லது. பிரஷ்ஷில் எழும் பொறி உணரிகளின் அளவீட்டைக் குழப்புவது வெகுவாகக் குறையும்.

அடுத்தது என்20. இந்த மதிப்புரையின் நாயகன் இதுதான் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். குறுக்குவெட்டு 12க்கு 10 மி.மீ.; தண்டை விட்டுவிட்டுப் பார்த்தால் நீளம் 25 மி.மீ.யை ஒட்டி, எடை 10 கிராம்தான். 3 மி.மீ. தண்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருப்பதால், அதற்கேற்ற துளையுள்ள சக்கரம் வழுக்காமல் உட்காரும். ஒரே உடலளவில் 1:5 என்னும் விகிதத்திலிருந்து 1:1000 வரை கிடைக்கிறது என்பதால், வண்டியின் சட்டத்தை மாற்றாமலே வேகத்தையும் விசையையும் மாற்றிக்கொள்ள முடிகிறது. என் முதல் கோட்டு வண்டியில் 1:30 மோட்டார்கள் வளைவில் பறந்துபோய் வெளியே விழுந்தன. அதே பிராக்கெட்டில், அதே இரண்டு திருகாணிகளில், 1:50 மோட்டார்களை மாட்டியதும் வண்டி பாதைக்குள் அடங்கியது. வேகம் தொடங்கும் புள்ளியும் நன்று. மஞ்சள் மோட்டார் 90இல்தான் விழித்தது என்றேன். இது 35ஐ ஒட்டியே மெல்ல நகரத் தொடங்கியது.

கியர்ப்பெட்டி என்று சொல்வதைவிடக் கியர்க்கூடு என்று சொல்லலாம். இரண்டு பித்தளைத் தகடுகளுக்கிடையே சிறு தூண்கள், அவற்றுக்கிடையே அடுக்கடுக்காகப் பற்சக்கரங்கள். சுற்றிலும் மூடி கிடையாது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒரு கைக்கடிகாரத்தின் உட்புறத்தைப் பார்ப்பதுபோல அழகாகவே இருக்கும். அந்தத் திறப்புதான் இதன் பலவீனமும். விரிப்பின்மேல் ஓட்டிய வண்டியில் ஒரு மாதத்துக்குள் தலைமுடியும் நூலிழையும் தண்டைச் சுற்றி ஏறி, கிரீஸோடு சேர்ந்து கருப்புப் பசையாகி, கடைசிச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துவிட்டன. ஊசிமுனையால் இழை இழையாகப் பிரித்தெடுத்தபோது ஒரு பல் முழுமையாகக் காணவில்லை. இப்போது கியர்க்கூட்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை மாட்டுகிறேன். பல பிராக்கெட்டுகள் கூட்டை மூடும் வடிவிலேயே வருகின்றன, அவற்றையே தேர்ந்தெடுங்கள்.

மற்றொன்று முழுக்க என் பிழை. 1:298 விகிதமுள்ள மோட்டார் மாட்டிய வண்டியைத் தொடக்கக் கோட்டில் சரியாக நிறுத்துவதற்காகச் சக்கரத்தைக் கையால் திருப்பினேன். சற்று அழுத்தமாகத் திருப்பியதும் நகம் வெட்டும்போது எழுவதுபோல ஒரு சிறு ஓசை. அதன்பிறகு சக்கரம் கையில் இலேசாகச் சுழன்றது. விகிதம் உயர உயர, சக்கரத்தின் பக்கமிருந்து மோட்டாரைத் திருப்புவது ஏறக்குறைய முடியாத காரியம். கையின் விசை முழுவதையும் கடைசி இணையின் இரண்டு பற்களே தாங்க வேண்டியிருக்கும். ஆகவே 1:100க்கு மேற்பட்ட எந்த என்20யையும் வெளியிலிருந்து திருப்பாதீர்கள். சக்கரத்தை மாட்டும்போதும் தண்டைக் கூட்டுக்குள் அழுத்தித் தள்ளக் கூடாது. பின்பக்கத் தண்டு நீண்டிருக்கும் வகையானால் அதன் முனையை மேசையில் ஊன்றி அழுத்தவும் கூடாது, அது மோட்டாருக்குள் போய் இடிக்கும்.

விளக்கப்பட்டியலில் அச்சிடப்படும் முறுக்குவிசையை, அதாவது தண்டைச் சுழற்றும் விசையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சுழலாமல் நிற்கும் நிலையில் மோட்டார் தரக்கூடிய விசை என்று ஓர் எண் இருக்கும். ஸ்டால் விசை என்பார்கள். 1:1000 போன்ற உயர் விகிதங்களில் அது பெரும்பாலும் காகிதக் கணக்கே: மோட்டாரின் விசையை விகிதத்தால் பெருக்கி வந்த எண். மோட்டார் அந்த விசையை எட்டுமுன் பற்கள் உடைந்துவிடும். குறைந்த விகிதங்களிலும் அந்த எண்ணில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வேலை வாங்குவதே முறை. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ எடையுள்ள வண்டி 20 பாகைச் சரிவில் ஏற வேண்டும், இரண்டு மோட்டார்கள், 65 மி.மீ. சக்கரம். சரிவு பின்னுக்கு இழுப்பது 0.34 கிலோ, ஒரு மோட்டாரின் பங்கு 0.17, சக்கரத்தின் ஆரம் 3.25 செ.மீ.; பெருக்கினால் 0.56 கிலோ செ.மீ. வருகிறது, உராய்வு தனி. மஞ்சள் மோட்டாரின் ஸ்டால் விசை 6 வோல்ட்டில் 0.8 கிலோ செ.மீ.யை ஒட்டியதுதான். "0.8 இருக்கிறதே, 0.56 தானே வேண்டும்" என்று நானும் நம்பி ஓட்டினேன். வண்டி பாதிச் சரிவில் முனகிக்கொண்டு நின்றது. அரை நிமிடத்தில் மோட்டாரின் உடலைத் தொட முடியவில்லை. நின்றுவிட்ட மோட்டாருக்குக் கொடுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் மாறுகிறது என்பதை விரல் கற்றுக்கொண்டது.

ஸ்டால் மின்னோட்டத்தையும் வாங்கியவுடனே அறிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நிரலின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் போர்டை அதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மல்டிமீட்டரால் மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே மின்தடையை, தண்டைச் சற்றுச் சற்றுத் திருப்பிச் சில இடங்களில் அளந்து, வோல்ட்டை அதனால் வகுத்தால் போதும்: 6 வோல்ட், 6 ஓம் என்றால் 1 ஆம்பியர். என்20 வகையில் சுருள்களைப் பொறுத்து இது அரை ஆம்பியருக்கும் குறைவிலிருந்து 1.6 ஆம்பியர் வரை மாறுகிறது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பழைய எல்298என் போர்டை இந்தச் சிறு மோட்டார்களோடு சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது தனக்குள்ளேயே 2 வோல்ட்டை ஒட்டி விழுங்கிவிடுவதால், 6 வோல்ட் பேட்டரியில் மோட்டாருக்குக் கிடைப்பது 4 வோல்ட்தான். டிஆர்வி8833, டிபி6612 ஆகிய, மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர் வகையால் இயங்கும் டிரைவர்களில் இந்த இழப்பு மிகக் குறைவு. என் எல்லா என்20 வண்டிகளிலும் இவையே இருக்கின்றன. வேகத்தைக் கட்டுப்படுத்த டிரைவர் மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் துடிப்பின் அதிர்வெண்ணை 20 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் காதைத் துளைக்கும் ரீங்காரமும் நின்றுவிடும்.

சுழற்சியை எண்ணிச் சொல்லும் என்கோடருடன் வரும் என்20 வாங்குவதா, இல்லாமல் வாங்குவதா என்று பலர் தயங்குகிறார்கள். நேராகப் போக வேண்டிய வண்டி என்றால் தயங்க வேண்டியதில்லை. பின்தண்டில் ஒரு காந்த வட்டு, அதன் எதிரே காந்தத்தை உணரும் இரண்டு ஹால் உணரிகள். பரவலாகக் கிடைக்கும் வட்டு ஒவ்வோர் உணரியிலும் சுற்றுக்கு 7 துடிப்புகள் தருகிறது. இரு உணரிகளின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்து எண்ணினால் 28; 1:100 கியரில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 2,800க்கு மேல். 43 மி.மீ. சக்கரத்தில் ஓர் எண்ணிக்கைக்கு 0.05 மி.மீ.க்கும் குறைவான நகர்வு. கேட்க மிக நுட்பமாக இருக்கிறது. ஆனால் என்கோடர் உட்கார்ந்திருப்பது மோட்டாரின் பக்கம். சக்கரம் இருப்பது கியர்களின் மறுபக்கம். இடையிலுள்ள பற்களின் ஆட்டத்தை அது காண்பதே இல்லை. என்னிடமுள்ள ஒன்றில் மோட்டாரை அசையாமல் நிறுத்திவிட்டுச் சக்கரத்தை மெல்ல ஆட்டினால் மூன்று பாகை அளவுக்கு முன்னும் பின்னும் போகிறது. சக்கரத்தின் விளிம்பில் அது 1 மி.மீ.க்கு மேல். திசை மாறும்போதெல்லாம் அந்த ஒரு மி.மீ. கணக்கில் வராமல் போகும்.

விகிதத்தின் சரியான மதிப்பையும் கவனிக்க வேண்டும். பெயரில் முழு எண் இருந்தாலும் பற்களின் எண்ணிக்கையைப் பெருக்கி வகுத்தால் வருவது பின்னமாகவே இருக்கும். போலோலு நிறுவனம் தன் நுண் மோட்டார்களுக்கு வெளியிடும் தரவில் 50:1 (அதாவது நான் 1:50 என்று எழுதுவது) என்பது உண்மையில் 51.45:1 என்று கொடுத்திருக்கிறது. 100:1 என்பது 100.37:1. நிரலில் 50 என்று எழுதிவிட்டு ஒரு மீட்டர் போகச் சொன்னால் வண்டி ஏறத்தாழ 3 செ.மீ. முன்னதாகவே நின்றுவிடும். இப்படிப் பின்னம் வரை வெளியிடும் தயாரிப்பாளரிடம் வாங்குவதை நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான். பெயர் அச்சிடாத பொட்டலங்களில் வேறு சிக்கலும் உண்டு. ஒரு விற்பனையாளரிடம் 1:100 என்று நான்கு மோட்டார்கள் வாங்கினேன்; மூன்றில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எண்ணிக்கை 2,800ஐ ஒட்டி வந்தது, நான்காவதில் 1,400ஐச் சற்றே தாண்டி நின்றது. அதனுள் இருந்தது 1:50 கியர். ஒட்டியிருந்த சீட்டு மட்டும் 100 என்று சொன்னது. எழுதிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பின்தண்டு இல்லாத என்20யில் பிறகு என்கோடரை மாட்ட வழியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐயம் இருந்தால் பின்தண்டு நீண்ட வகையையே வாங்கிவைப்பது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, 25 மி.மீ. வகை. சுமார் 100 கிராம் எடை, மூடிய உலோகக் கியர்ப்பெட்டி, 4 மி.மீ. தண்டு, பெரும்பாலும் 12 வோல்ட். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு இதுவே பொருத்தம். சரிவில் நின்றுபோன வண்டிக்கு இதை மாட்டியபோது, அது ஏறியது மட்டுமன்றி மோட்டார் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. மூடிய பெட்டி என்பதால் தூசியும் முடியும் உள்ளே போவதில்லை. இரு சக்கரத்தில் நிற்கும் வண்டிக்கும் இதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் அங்கே எனக்கு அரை மனநிறைவுதான். நிமிர்ந்து நிற்க, மோட்டார் வினாடிக்குப் பல முறை திசை மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் பற்களின் இடைவெளியைக் கடக்கும் சில கணங்களில் சக்கரத்தின்மேல் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. வண்டி நிற்கிறது, ஆனால் குளிரில் நடுங்குபவரைப்போல் நின்ற இடத்திலேயே ஆடுகிறது. நிரலின் எண்களை எவ்வளவு மாற்றியும் அந்த நடுக்கத்தைக் குறைக்கத்தான் முடிந்தது, போக்க முடியவில்லை. 1:75க்குப் பதில் 1:34 போட்டபோது நடுக்கம் ஓரளவு தணிந்தது.

இதில் நான் இழந்த ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது, ஏனென்றால் இதே பிழையைப் பலரும் செய்யக்கூடும். முகப்பில் எம்3 (3 மி.மீ. விட்டமுள்ள) திருகாணிக்கு இரண்டு துளைகள் இருக்கின்றன. அவற்றின் ஆழம் மிகக் குறைவு. கையிலிருந்த 10 மி.மீ. திருகாணிகளை மெல்லிய பிராக்கெட்டின் வழியே இறுக்கினேன். கடைசி அரைச் சுற்றில் சற்றுக் கனமாக இருந்தது. திருகு நன்றாகப் பிடிக்கிறது என்று மகிழ்ந்தேன். மின்சாரம் கொடுத்ததும் மோட்டார் அரைக்கும் ஓசையுடன் நின்றது. திறந்தபோது திருகாணியின் முனை கியர்ப்பெட்டிக்குள் நீண்டு, பற்சக்கரம் ஒன்றின் பக்கத்தில் வட்டமாகக் கோடு கிழித்து, சிதறிய உலோகத்தூள் கிரீஸில் மினுங்கிக்கொண்டிருந்தது. பிராக்கெட்டின் தடிப்பை அளந்து, அதற்குமேல் சில மி.மீ. மட்டும் உள்ளே போகும் நீளத்தில் திருகாணி வாங்குங்கள். விளக்கப்பட்டியலில் துளையின் ஆழம் இருந்தால் அதைத் தாண்டக் கூடாது.

என்கோடருடன் வரும் 25 மி.மீ. மோட்டாரிலிருந்து ஆறு கம்பிகள் வெளிவரும்: மோட்டாருக்கு இரண்டு, உணரிக்கு மின்சாரம் தர இரண்டு, துடிப்புக்கு இரண்டு. நிறங்களை நம்ப வேண்டாம். ஒரே தோற்றமுள்ள இரண்டு மோட்டார்களில் நிறங்கள் இடம் மாறியிருந்ததைக் கண்டிருக்கிறேன். உணரியின் சிறு போர்டிலேயே எழுத்து அச்சிடப்பட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு இணைப்பதே பாதுகாப்பு.

யாருக்கு எது என்று கேட்டால் என் விடை இது. பள்ளி மாணவருக்கும், இதுதான் முதல் வண்டி என்பவருக்கும் மஞ்சள் மோட்டார் போதும், ஒரு உதிரியோடு. கால் கிலோவுக்குள் எடையுள்ள, துல்லியம் வேண்டிய வண்டிக்கு என்கோடருள்ள என்20, 1:50 அல்லது 1:100. வேறெதையும் யோசிக்க வேண்டாம். சரிவு, எடை, கரடுமுரடான தரை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் 25 மி.மீ. வகை. நிமிர்ந்து நிற்கும் வண்டிக்கு இந்த மூன்றில் எதையும் முழு மனதோடு சொல்ல மாட்டேன். சிறுசிறு படிகளாகச் சுழலும், கியரே இல்லாத ஸ்டெப்பர் மோட்டாரை அதற்குப் பார்க்கலாம்.

போன வாரம் அடுத்த வண்டிக்காக 1:50 என்20 ஆறு வாங்கினேன். ஆறையும் ஒரே பேட்டரியில் ஓட்டி எண்ணியதில் இரண்டு மட்டும் ஒரு விழுக்காட்டுக்குள் ஒத்துப்போயின. அவற்றின் முதுகில் மார்க்கரால் ஒரே குறி இட்டுத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். மீதி நான்கும் கோட்டு வண்டிகளுக்குப் போகும்.